கழுவிக் கழுவியே போகிற கோல்டு ஃபிஷ்

நீங்கள் எழுதியது இதுதான்: மகளின் பிறந்தநாளுக்குக் கொளத்தூரில் மூன்று கோல்டு ஃபிஷ், ஓர் உருண்டைக் கண்ணாடி பவுல், கலர் கல், ஒரு டப்பா தீனி வாங்கினீர்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை மீனை மக்கில் எடுத்து விட்டு, பவுலையும் கல்லையும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றுகிறீர்கள். பத்து நாளில் இரண்டு போய்விட்டன. மூன்றாவது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. "வீட்டுக்கு வந்த கஷ்டத்தை மீன் வாங்கிக்கிச்சு" என்கிறார் உங்கள் அம்மா. "சீக்கு மீனைத் தலையில கட்டிட்டான்" என்கிறார் உங்கள் கணவர். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் இல்லை. அம்மா சொல்வதை நானும் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். மனசுக்கு ஆறுதலான பேச்சுதான், ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே தண்ணீரில் என்ன நடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. கடைக்காரர் மேலும் பெரிய தப்பு இல்லை. அந்த பவுலை மீனோடு சேர்த்து விற்றதுதான் தப்பு.

முதலில் உயிரோடு இருக்கிற மீன். மற்றதைப் பிறகு பேசலாம். இன்றைக்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் வாங்குங்கள், 40 லிட்டருக்குக் குறையாமல். துணி துவைக்கிற டப் வேண்டாம், சோப்பு பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும். பரணில் இருக்கிற பித்தளை அண்டாவும் செப்புக் குடமும் வேண்டவே வேண்டாம். செம்பு மீனுக்கு விஷம். ஒரு ஏர் மோட்டார், அதோடு மாட்டுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு பாட்டில் ஆன்டி குளோரின், அதாவது தண்ணீரில் இருக்கிற குளோரினை முறிக்கிற மருந்து. மருந்து கலந்த தண்ணீரை டப்பில் நிரப்பி, மோட்டாரை ஓட விட்டு, பவுல் தண்ணீரின் சூடும் டப் தண்ணீரின் சூடும் கைக்கு ஒன்றுபோல் தெரிகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக டப் தண்ணீரை பவுலில் கலந்து, அரை மணி கழித்து மீனை மாற்றுங்கள். இன்றைக்குத் தீனி வேண்டாம். நாளைக்கும் வேண்டாம். பட்டினியால் கோல்டு ஃபிஷ் செத்து நான் பார்த்ததில்லை, தீனியால் செத்து நிறைய பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த பவுலில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

கோல்டு ஃபிஷ் பொம்மை மாதிரி இருப்பதால் நமக்கு மறந்துபோகிறது, அது கெண்டை ஜாதி. சீனாவில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் குளங்களில் வளர்த்து, நிறமும் வாலும் பார்த்துப் பொறுக்கி இனம் பெருக்கிய கெண்டை. நம் சந்தையில் கட்லாவும் ரோகுவும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான். ஒற்றை வால் உள்ள சாதா வகையும் காமெட்டும் நல்ல இடம் கிடைத்தால் ஓர் அடி வளரும். ஒராண்டா, ரியூக்கின், பிளாக் மூர் மாதிரி உருண்டை வயிற்று வகைகள் ஆறு, எட்டு அங்குலம் வரும். நீங்கள் வாங்கியது இந்த உருண்டை வகையில் இரண்டு அங்குலக் குஞ்சு. கெண்டைக்கு இரைப்பை கிடையாது. வாயில் போனது நேரே குடலுக்குப் போகும். அதனால்தான் எந்நேரமும் மேய்ந்துகொண்டே இருக்கும், கழித்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற கழிவு மட்டுமில்லை. மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவைத் தண்ணீரில் விடுகிறது, நாள் முழுக்க.

ஏழெட்டு லிட்டர் பவுலில் மூன்று மீன் இதைச் செய்தால் இரண்டாம் நாளே அந்தத் தண்ணீர் மீனைச் சுடத் தொடங்கிவிடும். தண்ணீர் பளிங்குபோல் தெளிவாகத்தான் தெரியும், வாடைகூட வராது. அம்மோனியாவுக்கு இன்னொரு குணம், தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஏறினால் அதன் விஷமும் ஏறும். 25 டிகிரியில் பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8 ஆனால் அதுவே ஐந்து பங்கைத் தாண்டும். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் 8-ஐ ஒட்டித்தான் இருக்கும். சூடு ஏறினாலும் இதே கதை. சென்னை, மே மாதம், போர் தண்ணீர், சின்ன பவுல்: இந்த நாலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நான்தான் கழுவினேனே என்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா இயற்கையிலேயே இருக்கிறது. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சைக் கெடுக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், அதை வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டு கூட்டமும் தண்ணீரில் மிதப்பது குறைவு. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக் குடியிருக்கும், தொட்டாலே வழுக்குமே, அந்தப் பிசுபிசுப்பில். ஒரு புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் மூன்று நாளைக்கு ஒருமுறை அந்தப் பிசுபிசுப்பைத்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர்கள். நம் வீடுகளில் பாத்திரத்தையும் தரையையும் சுத்தம் பார்க்கிற கை, மீன் தொட்டியையும் அதே மாதிரி பார்க்கிறது. பலன், மூன்று நாள் அம்மோனியாவில் வெந்த மீன், நான்காம் நாள் குளோரின் கலந்த புதுத் தண்ணீரில் விழுகிறது.

குளோரின் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும், மருந்து போடாமல் ஊற்றியதே இல்லை. இருந்தும் ஒருமுறை நான்கு ஒராண்டாவை ஒரே காலையில் இழந்தேன். எங்கள் அடுக்ககத்தில் சம்ப் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை. வழக்கமான அளவு ஆன்டி குளோரின் அன்றைக்கு வந்த தண்ணீருக்கு எந்த மூலைக்கு? பத்து நிமிஷத்தில் மீன்கள் தொட்டிக்குள் தாறுமாறாகப் பாய்ந்தன, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தன. செவுளைத் தூக்கிப் பார்த்தால் ஈரல் நிறத்துக்குப் பதில் வெளிறிப்போயிருந்தது. அதிலிருந்து குழாயைத் திறந்ததும் வாளியை முகர்ந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. மூக்குக்கு மருந்து வாடை அடித்தால் அன்றைக்குத் தண்ணீர் மாற்றுவதில்லை. நேரம் இருந்தால் முந்தின நாளே வாளிகளில் பிடித்துத் திறந்து வைத்து, ஒரு ஏர் ஸ்டோனையும் போட்டுவிட்டால் பெரும்பாலும் குளோரின் பறந்துவிடும். அதன்மேல் மருந்தும் சில சொட்டு. கடையில் ஹைப்போ என்று படிகமாக விற்பதும் அதே வேலை செய்யும், சோடியம் தயோசல்பேட்தான் அது.

குடிக்கிற கேன் தண்ணீர் ஊற்றலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். ஆர்.ஓ.வில் தாது உப்பெல்லாம் போய்விடுகிறது. கெண்டைக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும், பி.எச். நிலையாக நிற்பதற்கும் அந்தத் தாதுக்கள் வேண்டும். உங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற அளவுக்கு மோசமாக இருந்தால் மட்டும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் பிடித்த கையோடு ஊற்றாமல் ஒரு ராத்திரி காற்றோட்டத்தில் வைப்பது நல்லது. பூமிக்கடியிலிருந்து வருகிற தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. இன்னொன்று, மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரை நேரே விடாதீர்கள். மே மாதம் அதில் ரசம் வைக்கலாம்.

இனித் தொட்டி. பவுல் என்பது கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஆகாத பாத்திரம், எவ்வளவு பெரிதாக இருந்தாலும். மேல்வாய் குறுகலாக இருப்பதால் காற்றோடு உரசுகிற பரப்பு குறைவு. ஃபில்டர் வைக்க இடமில்லை. கணக்கு சுலபம். நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி, வந்ததை 28-ஆல் பெருக்கினால் லிட்டர். கடையில் முதலில் காட்டுகிற 2க்கு 1க்கு 1 தொட்டி 56 லிட்டர்தான். ஒரு குஞ்சு மீனைக் கொஞ்ச காலம் வைத்திருக்கலாம், அவ்வளவே. என் கணக்கில் உருண்டை வகைக்கு முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40. மூன்று மீன் ஆசை என்றால் 3க்கு 1½க்கு 1½ வாங்குங்கள், அது 190 லிட்டர் வரும். தண்ணீரே 190 கிலோ என்பதை மறந்துவிட்டு டி.வி. ஸ்டாண்டில் வைத்துவிடாதீர்கள். ஜன்னல் வெயில் படாத சுவரோரம், இரும்பு ஸ்டாண்ட், அடியில் தெர்மோகோல்.

ஃபில்டரில் கஞ்சத்தனம் கூடாது. பெட்டியில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள், தொட்டித் தண்ணீரைப்போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். அதே சமயம் ஒராண்டா நீச்சல் தெரியாத குண்டுக் குழந்தை மாதிரி; வேகமாக அடிக்கிற நீரோட்டத்தில் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துபோகும். ஃபில்டர் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். தண்ணீரின் மேல்பரப்பு எப்போதும் சலசலத்துக்கொண்டிருக்க வேண்டும், ஆக்சிஜன் அங்கேதான் கலக்கிறது. கலர் கல் வேண்டாமே. கெண்டை தரையைக் கிளறித் தின்னும். பட்டாணி அளவுக் கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அடியில் ஒன்றுமே போடாவிட்டால் பார்க்கக் கொஞ்சம் மொட்டையாக இருக்கும், ஆனால் கழிவை உறிஞ்சி எடுப்பது எளிது. பார்க்க ஏதாவது வேண்டும் என்றால் வாயில் அடங்காத கூழாங்கல் நாலைந்து போதும். செடியையும் விட்டுவைக்காது, அனுபியாஸ் ஒன்றைக் கல்லில் கட்டி வைத்துப் பாருங்கள், அதன் இலை தடிப்பாக இருப்பதால் தப்பிக்கும்.

பாக்டீரியா பெருகுகிற அந்த நான்கு, ஆறு வாரத்தைக் கடப்பதுதான் பாடு. அதற்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. பல மாதமாக நோயில்லாமல் மீன் வளர்க்கிற நண்பர் யாராவது இருந்தால், அவர் ஃபில்டரிலிருந்து அழுக்கோடு ஒரு துண்டு ஸ்பாஞ்சைக் கேளுங்கள். காயவிடாமல், அவர் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, ஒரு கவரில் போட்டு எடுத்து வந்து உங்கள் ஃபில்டரில் திணித்துவிடுங்கள். உறை மோர் வாங்கிவந்து பாலில் விடுவது மாதிரிதான். வாரக்கணக்கு நாள்கணக்காகச் சுருங்கிவிடும். அப்படி யாரும் கிடைக்காவிட்டால், டப்பில் இருக்கிற உங்கள் மீனோடுதான் இந்தக் காலத்தைக் கடக்க வேண்டும்: தினமும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர் மாற்றம், கிள்ளுத் தீனி, அயோடின் சேர்க்காத கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம். நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதை உப்பு பெருமளவு தடுக்கும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் நிம்மதி, பச்சை தட்டினால் உடனே தண்ணீர் மாற்றம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் சுழியத்தில் நின்று ஒரு வாரம் ஆன பிறகு, தினசரி மாற்றுவதை வாராந்திரமாக்கலாம்.

அந்த வாராந்திர வேலை, வாரம் ஒருமுறை, கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு. டியூப் வைத்து அடியிலிருக்கிற கழிவோடு உறிஞ்சி எடுங்கள். மீனை வெளியே எடுக்கவே வேண்டாம். ஃபில்டர் ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். வெள்ளை வெளேரென்று ஆக வேண்டியதில்லை, தண்ணீர் போய்வந்தால் சரி. அழுக்குத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். என் வீட்டு ரோஜாத் தொட்டிக்கு இதைத் தவிர வேறு உரம் வைத்ததில்லை. உப்பு போட்ட தண்ணீர் என்றால் மட்டும் சாக்கடைக்கு.

தீனி பற்றி. உங்கள் மகள் போடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், பள்ளிக்குப் போகும்போது, வந்ததும், பிறகு சித்தி வந்தால் சித்திக்குக் காட்ட ஒருமுறை. கையைக் காட்டினாலே ஓடி வந்து வாயைத் திறக்கிற மீன் அது, யாருக்கும் கை நிற்காது. மாத்திரை டப்பா விற்கிறார்களே, ஞாயிறு திங்கள் என்று அறை அறையாக, அதில் ஒவ்வொரு நாளுக்கும் எண்ணிப் போட்டு மகளிடம் கொடுங்கள். அறை காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். காலையும் மாலையும் இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, வாரத்தில் ஒருநாள் விரதம். மிதக்கிற குச்சித் தீனியைவிட மூழ்குகிற உருண்டைத் தீனி உருண்டை வகைகளுக்கு நல்லது. மேலே வந்து காற்றையும் சேர்த்து விழுங்காது. வாரம் ஓரிரு முறை வேக வைத்துத் தோலுரித்து நசுக்கிய பச்சைப் பட்டாணி, வெந்நீரில் முக்கியெடுத்த பசலைக் கீரை. கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்ட ஞாபகத்தில் வீட்டிலும் பொரி, பிரெட், இட்லி போடுபவர்கள் உண்டு. அத்தனை மாவுச்சத்தும் குடலில் ஊதும், மிச்சம் தண்ணீரில் புளிக்கும். உயிர்ப் புழு, அதாவது சாக்கடையோரம் எடுக்கிற டியூபிஃபெக்ஸ், நோயைக் கையோடு கொண்டு வரும். நான் தொடுவதில்லை.

மீன் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மிதந்தால், பெரும்பாலும் வயிற்றுக் கோளாறு காற்றுப்பையை அழுத்துகிறது. மூன்று நாள் பட்டினி போட்டு, நான்காம் நாள் பட்டாணி கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் தண்ணீரைச் சோதியுங்கள், எந்தக் கோளாறு என்றாலும் முதல் வேலை அதுதான். மேலே வந்து வாயைத் திறப்பது ஆக்சிஜன் குறைவோ அம்மோனியாவோ. துடுப்பை உடம்போடு ஒட்டி மூலையில் உட்கார்ந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது. திடீரென்று உடம்பில் கறுப்புத் திட்டு வந்தால் பயப்படாதீர்கள். அம்மோனியாவில் பட்ட சூடு ஆறுகிறபோது அப்படிக் கறுக்கும், பிறகு தானே மறையும். செதில் எல்லாம் சிலிர்த்துக்கொண்டு அன்னாசிப்பழம் மாதிரி ஊதினால், நேர்மையாகச் சொல்கிறேன், அதிலிருந்து பிழைத்த மீன் என் கையில் ஒன்றே ஒன்று.

வெள்ளைப் புள்ளி நோய்தான் நம் ஊரில் அதிகம், அதுவும் கார்த்திகை, மார்கழியில் ராத்திரிக் குளிர் இறங்கும்போது. உடம்பிலும் வாலிலும் ரவையைத் தூவினாற்போல் இருக்கும், மீன் கல்லில் உரசிக்கொள்ளும். அது ஓர் ஒட்டுண்ணி. தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. உதிர்ந்து, பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்துகிற அந்தக் கட்டத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததுமே நிறுத்தினால் திரும்ப வரும். லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு, மூன்று பங்காகப் பிரித்து, 12 மணி நேரத்துக்கு ஒரு பங்கு, தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பத்து நாளுக்குக் குறையாமல் வைத்திருங்கள். உப்பு ஆவியாகிப் போகாது. தண்ணீர் மாற்றும்போது எடுத்த லிட்டருக்கு மட்டும் திரும்பப் போடுங்கள். கடையில் எதற்கெடுத்தாலும் தருகிற நீல மருந்தைத் தொட்டியில் கொட்ட வேண்டாம், ஃபில்டர் பாக்டீரியாவும் அதில் அடிபடும். தனி டப்பில் என்றால் சரி.

இதில் ஒரு வேடிக்கை. சில வருஷம் முன்னால் ஒரு நண்பர் பதறிப்போய்க் கூப்பிட்டார், மீனுக்கு வெள்ளைப் புள்ளி, இரண்டு கிலோ உப்பு வாங்கியாகிவிட்டது என்று. போய்ப் பார்த்தால் புள்ளிகள் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும், வரிசை வரிசையாக, சீப்புப் பல்போல. உடம்பில் ஒன்றுகூட இல்லை. மீன் கொழுகொழுவென்று இன்னொரு மீனைத் துரத்திக்கொண்டிருந்தது. ஆண் மீன் பருவத்துக்கு வந்தால் அப்படி முத்துப்போல் கிளம்பும், நம் பிள்ளைகளுக்கு முகப்பரு வருகிற மாதிரி. உப்பு ஊறுகாய்க்குப் போனது.

கோடையை எப்படிச் சமாளிப்பது? கோல்டு ஃபிஷ் குளிர் நீர் மீன். 18 முதல் 24 டிகிரி அதற்குச் சுகம். நம் வீட்டில் 30, 31 வந்துவிடும். மெல்ல ஏறினால் தாங்கும், ஆனால் 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். மூடியைக் கழற்றிவிட்டு வலை போட்டு, மேஜை ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள். கரன்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று. அதுவும் இல்லாத ராத்திரிகளில் அரை மணிக்கு ஒருமுறை மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

"சக்கர் மீன் ஒண்ணு போடுங்க, தொட்டியை அதுவே கிளீன் பண்ணிடும்" என்று கடையில் சொல்வார்கள். அது ராத்திரியில் கோல்டு ஃபிஷ்ஷின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும். வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும். பிறகு வளர்க்க முடியாமல் ஏரியில் கொண்டு விடுவார்கள், ஏரிக்கும் கேடு. கோல்டு ஃபிஷ்ஷையும் அப்படி எங்கும் விடக் கூடாது.

"எத்தனை நாள் இருக்கும்?" என்று மகள் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நாளில் எண்ண வேண்டாம். ஒழுங்கான தொட்டியில் பத்துப் பதினைந்து வருஷம் சாதாரணம். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு பொருட்காட்சி விளையாட்டில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற கோல்டு ஃபிஷ் 1999 வரை, 43 வருஷம், இருந்து கின்னஸில் இடம் பிடித்தது.

டப்பில் இருப்பது தேறிவிட்டால் அதற்கு ஒரு துணை வாங்குங்கள், ஆனால் தொட்டியில் அம்மோனியா சுழியம் ஆன பிறகு, ஒரே ஒரு மீன், அதே உருண்டை வகையில். காமெட்டோடு சேர்த்தால் அது எல்லாத் தீனியையும் முந்தித் தின்றுவிடும். கடையில் தொட்டியின் எந்த மீனும் உரசிக்கொள்ளவில்லை, எதுவும் செத்துக் கிடக்கவில்லை என்று பார்த்து எடுங்கள். கவர் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். புது மீன் இரண்டு மூன்று வாரம் டப்பில் தனியாக இருக்கட்டும். அந்த உருண்டை பவுலையும் தூக்கிப் போட வேண்டாம். தொட்டியிலிருந்து எடுக்கிற தண்ணீரை அதில் ஊற்றி ஒரு மணி பிளான்ட் கொடியை வைத்தால் நன்றாகத் தழைக்கும்.